தடை ஏட்டில் மட்டும் நின்றால்?



சிவகாசி வட்டாரத்தில் வாழும் நமக்கு இரசாயனப் பொருள்கள் அந்நியமானவை அல்ல. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் இங்கே எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கின்றன. கவனம் தவறினால் அவையே உயிரையும் குடிக்கின்றன. ஆதலின், இரசாயன ஆயுதங்களை ஒழிக்க உலகம் படும் பாட்டினை நாம் எளிதில் உணரலாம்.

முதலில், வெற்றி பெற்ற தடை ஒன்றைக் காண்போம். வெள்ளைப் பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்த தொழிலாளரின் தாடையெலும்பு அழுகிற்று. 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அதனை விலக்கின. இந்தியாவில் 1913-இல் சட்டம் பிறந்தது. 1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றுமுன்பே அந்நஞ்சு விலக்கப்பட்டுவிட்டது. மாற்றுப்பொருள் கைவசம் இருந்தமையால் அத்தடை நிலைத்தது.

ஆயுதங்களின் கதை வேறு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவை ஏவிற்று. 1925-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை நச்சு வாயுவைப் போரில் பயன்படுத்துவதை விலக்கிற்றேயன்றி, செய்து சேமிப்பதை விலக்கவில்லை. அக்குறையை நீக்கிய ஒப்பந்தம் 1993-இல் பாரிசில் கையொப்பமாகி, 1997-இல் நடைமுறைக்கு வந்தது. நம் நாடும் தன்னிடமிருந்த 1,044 டன் கடுகு நஞ்சினை அறிவித்து, 2009-இல் அழித்து முடித்தது. 2023 ஜூலையில் அமெரிக்கா தன் இறுதிக் கையிருப்பை அழித்ததோடு, உறுப்பு நாடுகள் அறிவித்தவை யாவும் ஒழிந்தன.

கவலை தீர்ந்ததா? இல்லை. குடிநீரைத் தூய்மையாக்குவதும் குளோரினே. பேனா மைக்குப் பயன்படும் பொருளொன்று கடுகு நஞ்சுக்கும் மூலப்பொருளாகிறது. ஆகவே ஆலைகளை மூட இயலாது, கண்காணிக்கவே இயலும். அறிவிக்காமல் மறைத்ததை எவ்வாறு அழிப்பது? சிரியா 2013-இல் ஒப்பந்தத்தில் இணைந்தது. ஆயினும் 2017 ஏப்ரலில் கான் ஷேக்கூன் ஊரில் குழந்தைகள் உட்படப் பலர் நச்சு வாயுவால் மாண்டனர். ஐக்கிய நாடுகள் சபையின் கூட்டு ஆய்வுக்குழு சிரிய அரசே பொறுப்பு என்றது, அவ்வரசு மறுத்தது. அவ்வாண்டிலேயே அக்குழுவின் பணி நீடிக்காதவாறு ரஷ்யா தன் ரத்து அதிகாரத்தால் தடுத்தது. மேலும், எகிப்தும் வடகொரியாவும் ஒப்பந்தத்தில் சேரவேயில்லை.

இத்தகைய இடர் தொலைநாடுகளில் மட்டுமா? மத்தாப்புக்குப் பச்சை நிறம் தரும் பேரியம் உப்பினை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்தது. தடை மீறப்படுவதை 2021-இல் கடிந்துரைத்தது. மூச்சுக்காற்றைக் காக்கும் தடை நியாயமானதே. எனினும், கூலிக்கு மருந்து செலுத்தும் கைகள் கலவையைத் தீர்மானிப்பதில்லை. ஆலை மூடினால் பட்டினி கிடப்பவரோ அவர்களே. ஆகவே தடை விதிப்போர் தக்க மாற்றுக் கலவையையும், நேர்மையான சோதனையையும், வேலையிழந்தோர்க்கு ஆதரவையும் உடன் அளித்தல் வேண்டும்.

நம் கடமையும் ஒன்றுண்டு. பங்குத் திருவிழாவுக்கு வாணம் வாங்கும்போது உறையைப் படித்து, பேரியம் கலவாததையே கேட்டு வாங்குவோம். பாரிசில் எழுதிய தடையாயினும், டில்லியில் எழுதிய தடையாயினும், எவரும் பாராத இடத்தில் கைக்கொள்ளப்படும்போதே அது உயிர் பெறுகிறது.