“பை என்னுடையதல்ல” என்று சொன்னால் போதுமா?

நண்பர் கொடுத்த பையை மகன் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தான். சாலைத் தடுப்பில் போலீசார் திறந்து பார்த்தால் உள்ளே சியாபு! “என் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது ஐயா. அதைச் சொன்னால் விட்டுவிடுவார்களா?” போதைப்பொருள் வழக்கு என்று வந்தாலே தாய்மார்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

அவ்வளவு எளிதில் விடமாட்டார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை என்று நினைத்துச் சோர்ந்துவிடவும் வேண்டாம்.

1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் ‘வைத்திருத்தல்’ என்றால் இரண்டு அம்சங்கள் உண்டு. பொருள் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அது இன்னதென்று உங்களுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். சிக்கல் இங்கேதான். கட்டுப்பாட்டை அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், தெரிந்துதான் வைத்திருந்தார் என்று 37-ஆவது பிரிவு அனுமானித்துக்கொள்கிறது. தெரியாது என்று காட்டும் பொறுப்பு பிள்ளையின் தலையில் விழுகிறது.

எடை கூடினால் ஆபத்தும் கூடும். சியாபு 50 கிராம், கஞ்சா 200 கிராம், ஹெராயின் 15 கிராம் எட்டிவிட்டால் அது ‘கடத்தல்’ என்று மற்றோர் அனுமானம் உண்டு. 39பி பிரிவில் மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் கட்டாயமல்ல. இருந்தாலும் தூக்கு, இல்லையேல் 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும்.

இந்த இரண்டு அனுமானங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2019 ஏப்ரல் 5-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தத் திருத்தம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளினர். அதனால் கடத்தல் அனுமானத்தைப் பயன்படுத்த விரும்பினால், தெரிந்து வைத்திருந்ததை அரசுத் தரப்பு சாட்சியத்தால் நிரூபித்தாக வேண்டும். என் பார்வையில் ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய கவசம்.

கவசம் இருந்தாலும் முதல் நாளிலேயே செயல்பட வேண்டும். கைதானவர் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கலாம். 24 மணி நேரத்திற்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை அரசியலமைப்பின் 5-ஆவது விதி தரும் உரிமைகள். கட்டணம் கட்ட முடியாத குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் இந்தக் கட்டத்தில் உதவுகிறார்கள்.

பை கொடுத்தவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை வழக்கறிஞர் மூலம் உடனே போலீசாருக்குத் தெரிவியுங்கள். விசாரணையின் தொடக்கத்திலேயே சொன்னால், அதைத் தேடிப் பார்க்கும் கடமை அவர்களுக்கு வந்துவிடுகிறது. வழக்கு நடக்கும்போது முதன்முதலாகச் சொன்னால், பிறகு ஜோடித்த கதை என்பார்கள். சந்தேகம் வந்தும் கேட்காமல் வாங்கிக்கொண்டவரை, ‘தெரியாதவர்’ என்று நீதிமன்றம் ஏற்பதில்லை.

அந்த மோட்டாரை வேறு யார் ஓட்டினார்கள், சாவி யாரிடம் இருந்தது, பறிமுதல் செய்த பொருள்தான் ரசாயன இலாகாவுக்குப் போனதா என்பதையும் வழக்கறிஞர் துருவுவார். ஆய்வு அறிக்கையில் வரும் எடைதான் முக்கியம். கலப்படத்தைக் கழித்தபின் அது குறையலாம். அப்படிக் குறைந்தால் குற்றச்சாட்டை மாற்றும்படி அரசுத் தரப்புக்கு எழுத வழி உண்டு. அறிக்கை வரும் முன்பே குற்றத்தை ஒப்புக்கொள்ளப் பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள்.