சேமிப்பா, குவிப்பா?

கல்லாறு பொன்முடி மலையின் அடிவாரம். மழை வலுத்தால் ஆறு பெருகும். கடைக்குச் செல்வது அரிதாகும். இவ்வச்சத்தால் சென்ற மழைக்காலத்தில் நானும் என் அறைத் தோழரும் 25 கிலோ அரிசியை ஒரே தடவையில் வாங்கி வைத்தோம். ஐந்தாம் வாரத்தில் மூட்டையைத் திறந்தால் எங்கும் வண்டு! எஞ்சிய ஏழெட்டுக் கிலோவும் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போயிற்று.

என் பாட்டி ஆண்டு முழுமைக்கும் பத்தாயத்தில் சேமித்தாரே, அது கெடவில்லையே என எண்ணினேன். அவர் சேமித்தது நெல். பிளவுபடாத உமி நெல்லுக்குக் கவசம். அரிசிக்கு அது கிடையாது. பெண் வண்டு அரிசியைத் துளைத்து முட்டையிட்டு, துளையைப் பசையால் அடைத்துவிடுகிறது. கடையில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. உள்ளேயே புழுவாக வளர்ந்து வண்டாக வெளிவர, வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாட்களில், ஏறக்குறைய ஒரு மாதம் போதும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். இருவருக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ எனின், 25 கிலோ 50 நாளைக்கு வரும். வண்டோ 30 நாளில் வந்துவிடும். ஆகவே 15 கிலோ சேமிப்பு. மீதி 10 கிலோ வெறும் குவிப்பு.

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் வீடுகளில் மட்டும் ஏறத்தாழ 63 கோடி டன் உணவு வீணாயிற்று என்கிறது ஐக்கிய நாடுகள் அறிக்கை. அதில் நம் அறைகளின் பங்கும் உண்டன்றோ?

நண்பர்களே, மழைக்கு அஞ்சிச் சேமியுங்கள், தவறில்லை. ஈரமற்ற, இறுக மூடும் டப்பாவில் ஒரு மாதத்திற்கு மட்டும் வையுங்கள். பழையது தீர்ந்தபின் புதியதைக் கொட்டுங்கள்.