இயந்திரம் யாருடையது?



செரண்டா, புக்கிட் பெருந்தோங் வட்டாரங்களில் ரப்பர் நிலங்கள் பல குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் புல்டோசருக்கும் மண்வாரி இயந்திரத்துக்கும் பக்கத்தில் நின்று பிழைக்கிறார்கள். அந்த இயந்திரம் ஒருவரை நசுக்கிவிட்டால் குடும்பம் எங்கே போய்க் கேட்பது?

முதல் வழி சொக்சோ. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 1971இல் தொடங்கிய திட்டம் இது. தவறு யாருடையது என்று இங்கே கேட்பதில்லை. வேலையில் நேர்ந்த விபத்தென்றால் போதும். குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், சொக்சோ கணக்கிடும் நாட்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். உயிர் போனால் 90 விழுக்காடு. அதில் மனைவிக்கு 5இல் 3 பங்கு, பிள்ளைகளுக்கு 2 பங்கு.

இரண்டாவது வழி, கவனக்குறைவுக்காக நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்பது. ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் நசுங்கிய வழக்கில், 1937இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஒரு நெறியை வகுத்தது. தகுதியான ஆட்கள், தக்க கருவிகள், பாதுகாப்பான வேலைமுறை, இம்மூன்றும் முதலாளியின் கடமை. மேலாளரிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று அவர் கைகழுவ முடியாது. நம் நாட்டு நீதிமன்றங்களும் இந்நெறியை ஏற்றுள்ளன.

இங்கேதான் ஒரு முடிச்சு. சொக்சோ சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, காப்புறுதி பெற்ற தொழிலாளி தம் முதலாளி மீதோ, அவரிடம் வேலை செய்யும் மற்றவர் மீதோ நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. சாலை வாகன விபத்துக்கு மட்டும் விலக்குண்டு. ஆனால் இயந்திரம் வெளிக் குத்தகையாளருடையது, ஓட்டியவர் அவருடைய ஆள் என்றால், அந்தத் தடை இல்லை. சொக்சோ உதவியும் பெறலாம். குத்தகையாளர் மீது வழக்கும் தொடுக்கலாம். அடிபட்டவரிடமும் கவனக்குறைவு இருந்தால், அதற்கேற்ப நஷ்டஈடு குறையுமே தவிர, வழக்கு அழிந்துவிடாது.

ஆகவே விபத்து நடந்ததும் இயந்திரத்தின் எண், அதில் எழுதியுள்ள பெயர், ஓட்டியவர் யார், பின்னால் நின்று சைகை காட்ட ஆள் இருந்தாரா என்பவற்றைக் குறித்து வையுங்கள். பார்த்தவர்களின் பெயரையும் எழுதுங்கள். போலீசில் புகார் செய்யுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தாரா என்று கேளுங்கள். படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்திடாதீர்கள்.

காயத்துக்கு 6 ஆண்டு, மரணத்துக்கு 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அரசாங்க இயந்திரமானால் 36 மாதமே. துக்கம் ஆறட்டும் என்று காத்திருந்தால் கெடு கடந்துவிடும். தொழிற்சங்கத்தையோ வழக்கறிஞரையோ காலத்தோடு பாருங்கள்.