அன்பா, அடக்குமுறையா?

இளம்பருவத்தில் கோழிச்சூடனும் நெல்லைப் போலவே தெரியும். காதல் உறவில் அடக்குமுறையும் அப்படித்தான். “யாரோடு கதைத்தாய்?”, “அந்த உடுப்பைப் போடாதே”, “கைத்தொலைபேசியைக் காட்டு” என்பவை முதலில் அக்கறையாகத் தோன்றும். பின்னர் தோழிகளிடமிருந்து பிரித்தல், ஏளனம், பயமுறுத்தல், அடி என அது வளர்கிறது. அடித்தபின் அழுது மன்னிப்புக் கேட்பதும், சில நாளில் மீண்டும் அடிப்பதும் உண்டு. “விட்டுப்போனால் செத்துவிடுவேன்”, “படங்களை ஊருக்குக் காட்டுவேன்” என்பவையும் வன்முறையே. ஆண்பிள்ளைகளும் இதற்கு உள்ளாகலாம்.

இதனை அறிய ஒரு கேள்வி போதும்: ‘மாட்டேன்’ என்று பயமின்றிச் சொல்ல முடிகிறதா?

இடம்பெயர்ந்து, அயலும் உறவும் சிதறிய நிலையில் பிள்ளைகள் இதனை யாரிடம் சொல்வார்கள்? வீட்டில் சொன்னால், மானத்துக்கு அஞ்சி அவனுக்கே அவசரமாகக் கட்டிவைக்கும் குடும்பங்கள் உண்டு. கலியாணம் அடிப்பவனைத் திருத்தாது. அடியை வீட்டுக்குள் மறைக்கும். ஆகவே பிள்ளையைக் குற்றஞ்சாட்டாமல் கேட்போம். உறவை முறிக்கும் வேளையே ஆபத்துக் கூடியது. “கடைசியாக ஒருமுறை” என்று அழைத்தாலும் தனியே அனுப்பாதிருப்போம்.

2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வாழ்க்கைத் துணை, சேர்ந்து வாழ்பவர், உறவினர் ஆகியோரை மனதிற்கொண்டே இயற்றப்பட்டது. வேறு வேறு வீட்டில் வாழும் காதலரை அது குறிப்பிடவில்லை. எனினும் அடித்தலும் பயமுறுத்தலும் பாலியல் தொந்தரவும் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றங்களே. பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவில் முறையிடலாம். பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் நாடலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929.

களையை முளையிலேயே இனங்காண்போம்.