தனிவழிப் பயணமும் நிழற்படமும்

தனியே பிரயாணம் செய்கிறவருக்கு ஊர்கள் கண்ணில் படும். மனிதர்கள் எளிதில் அகப்படமாட்டார்கள். மூன்று நாள்கள் ஓர் ஊரில் தங்கியும் உணவு விடுதியாரோடு மட்டுமே பேசித் திரும்பியவர்கள் நம்மிடையே பலர் உண்டு. இக்குறையைத் தீர்க்கக் காமிரா பெரிதும் உதவும். ஆனால் அறிமுகம் செய்து வைக்கும் அக்கருவியே பகையையும் தேடித் தரவல்லது. கொச்சி நாட்டில் இதை நாம் பட்டறிந்தோம்.

நாம் தங்கியிருந்தது திருப்பூணித்துறையில். ஆவணி மாதத்து அத்த நாளில் அங்கே நடைபெறும் அத்தச்சமய ஊர்வலத்தைக் காணச் சென்றிருந்தோம். வேடம் புனைந்தோரும் மேளக்காரரும் பிறர் காண்பதற்கென்றே வீதியில் வருகின்றனர். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை. நாற்பது படங்கள் எடுத்தோம். அவற்றில் உள்ள ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது!

மறுநாள் எறணாகுளத்தில் படகேறி மட்டாஞ்சேரி சேர்ந்தோம். 1568-இல் எழுந்த யூதர் தேவாலயத்தை ஒட்டிய தெருவில், 2019-இல் தம் 96-ஆம் வயதில் மறைந்த சாரா கோஹன் அம்மையாரின் பூத்தையல் கடை இருக்கிறது. அத்தெருவில் பயணிகளுக்குப் பட அட்டைகள் விற்றுவந்த ஒரு முஸ்லிம் சிறுவனுக்கு, விற்காத அட்டைகளை வைத்துக்கொள்ளத் தம் வீட்டிலேயே கோஹன் தம்பதியர் இடம் கொடுத்தனர். அவனே வளர்ந்து, அம்மையாரின் முதுமையில் மகனைப் போல் உடனிருந்து பேணினான். பட அட்டைக் கட்டு ஒன்று வாயிலைக் கடந்ததன் பயன் அது.

அங்கிருந்து கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதிக்குச் சென்றோம். அங்குள்ள சலவைத் துறையில் துணி வெளுப்போர் தமிழர். படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காக டச்சுக்காரர் காலத்தில் அழைத்துவரப்பட்டவர்களின் வழியினர் தாம் என்று அவர்கள் கூறுகின்றனர். டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியது 1663-இல். இப்போதுள்ள துறை 1976-இல் கட்டப்பட்டது. தனித்தனித் தொட்டிகள், துவைகற்கள். அப்பால் வெயிலில் கொடிகள். இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுவதால் கவ்விகளுக்கு வேலையில்லை.

உள்ளே கரிப்பெட்டியால் துணி தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மையாரைக் கண்டதும், வாசலில் நின்றபடியே காமிராவை உயர்த்தினோம். அவர் பெட்டியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்திலிருந்த பெரியவர், "ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடும்?" என்றார்.

பதிலைத் தமிழில் கேட்டதும் அவர் முகம் மாறியது. ஊர் எது என்றார். பிறந்த ஊரையும் பிழைக்கும் ஊரையும் சொன்னோம். "அப்போ நீங்களும் எங்களைப் போலத்தான்" என்று சிரித்தார். அம்மையாரின் சினத்துக்குக் காரணமும் அவரே சொன்னார். முன்பு எவரோ எடுத்த படம் ஒன்று வாழ்த்து அட்டையில் அச்சாகி வந்ததாம். வேர்வையும் பழம்புடவையுமாக நின்ற கோலம். சம்பந்தி வீட்டார் அதைப் பார்த்துவிட்டுக் கேலி பேசினராம். "ஆயிரம் பேரு எடுத்துட்டுப் போறாங்க. அனுப்பறேன்னு சொன்ன ஒருத்தரும் அனுப்பினதில்லை, தம்பி."

அன்று நாம் படம் எடுக்கவில்லை. கஞ்சி போட்ட துணிகளை மடிக்க உதவினோம். உதவினோம் என்பதைவிட இடையூறு செய்தோம் என்பதே பொருந்தும். புறப்படும்போது அம்மையார், "நாளைக்கு வாங்க" என்றார்.

மறுநாள் மொடமொடப்பான சேலை உடுத்திப் பூச்சூடி, கரிப்பெட்டிக்கு அருகில் சிரிக்காமல் நிமிர்ந்து நின்றார். இது இயல்பான படமன்று எனக் கலை வல்லோர் குறை கூறலாம். ஆனால் இன்ன கோலத்தில் தம்மைப் பிறர் காணவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அவருடையது அன்றோ? எடுத்தவுடன் திரையில் காட்டினோம். ஒன்றை வேண்டாமென்றார், அழித்துவிட்டோம். கைப்பேசிக்கு அனுப்புகிறோம் என்றதற்கு, "காகிதத்துல வேணும்" என்றார்.

நம் ஊருக்குத் திரும்பிய வாரமே மூன்று படிகள் எடுத்துத் தபாலில் அனுப்பினோம். இச்செயலைத் தள்ளிப்போட்டால் பிறகு நடவாது. விலாசத்தைத் தாளில் குறித்துக்கொள்வதும் நல்லது.

இரண்டாண்டுகளுக்குப் பின் மீண்டும் சென்றபோது, தேய்க்கும் மேசைக்கு மேலே சுவரில் பெரியவரின் படம் இருந்தது. அம்மையாரின் படத்தைக் காணோம். கேட்டோம். சம்பந்தி வீட்டுக்கு அதைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.