பழைய பிக்கப் வண்டியிற் பெற்றோல் ஓட்டம் தடைப்படுதல்: குறையைக் கண்டறியும் முறை

கத்தரி, தக்காளி, கறிமிளகாய், கீரை முதலியவற்றை விடியுமுன் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் கமக்காரருக்கு, வண்டி வழியில் நின்றுவிடுதல் சிறிய இடையூறன்று. மருதனார்மடத்துக்கோ தம்புள்ளைக்கோ நேரங்கழித்துச் சென்றடையும் வாடிய கீரைக்கு விலை கிடையாது. பல நாட் பாடு ஒரு காலைப்பொழுதில் வீணாகும்.

காபரேற்றர் பூட்டிய பழைய பிக்கப் வண்டிகள் இன்றும் நம் ஊர்களில் உழைக்கின்றன. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்றவையும், பின்னர் வந்த நிசான் சன்னி போன்ற யப்பானிய வண்டிகளும் இவ்வகையின. இவை நின்றவுடன் பலர் முதலிற் செய்வது காபரேற்றரைக் கழற்றுவதேயாம். இது தவறான தொடக்கம். கடைசி வயலுக்கு நீர் வராவிட்டாற் கமக்காரர் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. வாய்க்கால் வழியே துருசு வரை நடந்து, நீர் எவ்விடத்தில் நின்றதெனக் காண்பர். பெற்றோலையும் அவ்வாறே பின்தொடர்தல் வேண்டும்.

பெற்றோல் செல்லும் வழி

பெற்றோல் தாங்கியிலிருந்து குழாய் வழியே பம்பிக்கு வருகின்றது. பம்பிக்கு முன்போ பின்போ பில்ரர் எனப்படும் வடியொன்று இருக்கும். பம்பி அதனைக் காபரேற்றரின் மிதவையறைக்குத் தள்ளுகின்றது. அவ்வறை நிரம்பியதும் மிதவை உயர்ந்து, ஊசி வால்வை மூடும்; பெற்றோல் குறைந்ததும் மிதவை தாழ்ந்து வால்வு திறக்கும். மிதவையறையிலுள்ள பெற்றோல், ஜெற் எனப்படும் நுண்டுளை வழியே காற்றோடு கலந்து எஞ்சினுட் செல்லும்.

முதலிற் பாதுகாப்பு

பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. நிலத்தோடு படர்ந்து சென்று சற்றுத் தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். ஆகவே வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். சுருட்டும் பீடியும் விளக்கும் அருகில் வரலாகாது. உலர்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும். பெற்றோற்றீயை நீர் ஊற்றி அணைக்க முயலற்க.

குழாயை வாயால் உறிஞ்சுதல் கூடாது. பெற்றோல் நுரையீரலுட் புகுந்தால் உயிருக்கே ஆபத்தாகும். தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாது உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்க.

1990ஆம் ஆண்டுகளிற் பெற்றோல் கிட்டாத காலத்தில், வடபகுதியில் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டியோர் காபரேற்றர் வாயிற் சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கினர். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று அப்பழக்கம் வேண்டா. எஞ்சின் பின்னடித்தாற் காபரேற்றர் வாயினூடே தீ எழுந்து கையிலுள்ள போத்தலைப் பற்றும்.

குறை பெற்றோலிலா, மின்பொறியிலா?

விளக்கை அணைத்தாற்போல எஞ்சின் திடீரென நின்றால் மின்பொறியின் பக்கமே முதலில் ஐயுறத் தக்கது. வலுக் குறைந்து, இழுத்து இழுத்து ஓடிப் பின் நின்று, சில நிமிடம் ஆறவிட்டபின் மீண்டும் சிறிது தூரம் ஓடினாற் பெற்றோல் போதாமையே பெரும்பாலும் காரணமாகும். ஆறவிட்ட பொழுதில் மிதவையறை மெல்ல நிரம்புகின்றது. அதனாலேயே அச்சிறு தூரம் ஓடுகின்றது. ஓடும்போது சோக்கைச் சிறிது இழுத்தால் ஓட்டம் திருந்துவதும் இதற்குச் சான்று.

எஞ்சினைப் பலமுறை சுழற்றியபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. அது உலர்ந்திருப்பின் பெற்றோல் வரவில்லை. நனைந்திருப்பின் பெற்றோல் மிகுதியாக வருகின்றது, அல்லது மின்பொறி இல்லை.

போத்தற் சோதனை

இச்சோதனை குறையின் இடத்தை இரு கூறாகப் பிரித்துக் காட்டும். மின்பொறி உண்டாகாதபடி கொயிலுக்குச் செல்லும் மெல்லிய மின்கம்பியைக் கழற்றுக. காபரேற்றரினுட் புகும் பெற்றோற்குழாயைக் கழற்றி, அதன் நுனியை ஒரு தெளிந்த போத்தலுள் வைக்க. போத்தல் பற்றரிக்கும் சூடான புகைக்குழாய்க்கும் விலகியிருத்தல் வேண்டும். பின் இன்னொருவர் சில விநாடி எஞ்சினைச் சுழற்றுக. மொறிஸ் மைனரில் உள்ளது போன்ற மின்பம்பியாயின் திறப்பைத் திருப்புதலே போதும்.

பெற்றோல் விட்டுவிட்டு வலுவாகப் பாய்ந்தாற் பம்பி வரையுள்ள வழி நன்று. குறை காபரேற்றரிலேயே உள்ளது. பெற்றோல் வராவிட்டாலோ, நுரையோடு வந்தாலோ குறை பம்பியிலும் அதற்குப் பின்னுமுள்ள வழியிலுமே இருக்கும். காபரேற்றரைத் தொட வேண்டியதில்லை.

போத்தலிற் பிடித்த பெற்றோலைச் சிறிது நேரம் அசையாது வைக்க. அதில் நீர் இருப்பின் அடியிற் றனியாகத் தங்கும். துருவும் மண்ணும் அவ்வாறே தெரியும்.

பெற்றோல் வராவிடின்

1. தாங்கியின் மூடி: மூடியிலோ தாங்கியிலோ காற்றுப் புகுதற்கு ஒரு சிறு வழி உண்டு. அது தூசியால் அடைபட்டாற் பெற்றோல் வெளியேறாது. மூடியைத் தளர்த்துகையிற் காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்டு, அதன்பின் வண்டி நன்றாக ஓடினாற் குறை இதுவே. துளையைச் சுத்தஞ் செய்தாற் போதும், செலவில்லை.

2. வடி: அழுக்கடைந்த வடியை மாற்றுக. அதன்மேலுள்ள அம்புக்குறி பெற்றோல் செல்லுந் திசையை நோக்குதல் வேண்டும். புதிய வடி விரைவில் மீண்டும் அடைபட்டாற் குறை வடியிலன்று, துருப்பிடித்த தாங்கியிலாகும்.

3. இறப்பர்க் குழாய்: தாங்கிக்கும் பம்பிக்கும் இடையிலுள்ள வெடிப்பு ஏமாற்றக் கூடியது. பம்பி இழுக்கும்போது பெற்றோல் வெளியே சிந்தாது, காற்றே உட்புகும். ஆகவே நனைவு இல்லாமையால் குழாய் நன்றெனக் கொள்ளற்க. வளைத்துப் பார்த்து வெடிப்பிருப்பின் மாற்றுக. பெற்றோலுக்கெனச் செய்த குழாயே வேண்டும். தண்ணீர்க் குழாய் ஊறி உட்பக்கம் கரைந்து வழியை அடைக்கும்.

4. பம்பி: எஞ்சினால் இயங்கும் பம்பியினுள்ளே மெல்லிய இறப்பர்த் துணித் தகடு ஒன்றுண்டு. அது கிழிந்தாற் பெற்றோல் பம்பியின் அடியிற் கசியும், அல்லது எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் அளவுகோலிற் பெற்றோல் மணந்தாலோ எண்ணெய் மட்டம் உயர்ந்திருந்தாலோ எஞ்சினை இயக்கலாகாது. பம்பியைத் திருத்தி எண்ணெயையும் மாற்றுக. மின்பம்பி, அறை நிரம்பும்வரை "டிக் டிக்" என ஒலித்துப் பின் அடங்கும். ஒலியே இல்லையெனின் மின்னிணைப்பைப் பார்க்க. ஓயாது விரைந்து ஒலித்தாற் தாங்கி வெறுமையாயிருக்கலாம், அல்லது குழாயிற் காற்றுப் புகலாம்.

பெற்றோல் வந்தும் ஓடாவிடின்

ஊசி வால்வு அடைத்துக்கொண்டால் மிதவையறை நிரம்பாது. மூடாது விட்டாற் பெற்றோல் வழிந்து, கரும்புகையும் மணமும் உண்டாகும். சிறு மரத்துண்டால் மிதவையறையின் பக்கத்தில் மெல்லத் தட்டினாற் சிக்கிய ஊசி சில வேளை விடுபடும். மீண்டும் சிக்கினாற் கழற்றிச் சுத்தஞ் செய்க. மிதவையைக் காதருகே குலுக்குக, உள்ளே பெற்றோல் அசையும் ஓசை கேட்டால் அது ஓட்டை மிதவை, மாற்ற வேண்டும்.

ஜெற் மென்மையான பித்தளையாலானது. கம்பியோ ஊசியோ விட்டாற் றுளை பெருத்து, வண்டி என்றென்றும் கூடுதலான பெற்றோல் குடிக்கும். பெற்றோலிற் கழுவிக் காற்றால் ஊதுதலே முறை. கலவைத் திருகாணியைத் திருப்புமுன், முழுதும் இறுகுவதற்கு எத்தனை சுற்றென எண்ணிக் குறித்துக்கொள்க.

நண்பகலில் மட்டும் நிற்கும் வண்டி

காலையிற் குறையின்றி ஓடிய வண்டி, சந்தையிற் சற்று நேரம் நின்றபின் இயங்க மறுத்தால், எஞ்சினின் வெப்பத்தாற் குழாயிலுள்ள பெற்றோல் ஆவியாகியிருத்தல் கூடும். பம்பி ஆவியைத் தள்ளமாட்டாது. மூடியைத் திறந்து, பம்பியின்மீதும் குழாயின்மீதும் ஈரத்துணி போட்டுக் காத்திருக்க. அடிக்கடி நேர்ந்தாற் குழாயைப் புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கட்டுதலே நிலையான பரிகாரம்.

வருமுன் காத்தல்

2022ஆம் ஆண்டு எரிபொருட் டட்டுப்பாட்டின்போது நீண்டநாள் ஓடாது நின்ற வண்டிகள் ஒரு பாடத்தைத் தந்தன. பல மாதம் தேங்கிய பெற்றோல் பசையாகி ஊசியையும் ஜெற்றையும் ஒட்டும். போகமில்லாத காலத்தில் வண்டியை நெடுநாள் நிறுத்துவதாயின் மிதவையறையையும் தாங்கியையும் வடித்து வைக்க. மாரியில் அரைத்தாங்கி வெறுமையாய் விடின் காற்றிலுள்ள ஈரம் உட்பக்கத்தில் நீராய்ப் படியும். ஆகவே கூடியவரை நிரப்பி வைக்க. தோட்டத்தில் நீரிறைக்கும் பெற்றோல் எஞ்சினுக்கும் இவ்விதிகள் பொருந்தும்.

மூடி, வடி, குழாய், பம்பி, காபரேற்றர் என்ற வரிசையை நினைவிற் கொள்க. மலிவானதையும் எளிதானதையும் முதலிற் பார்ப்பவர், பழுதில்லாத உறுப்புக்குப் பணங் கொடார். அவர்தம் மரக்கறியும் வேளைக்குச் சந்தை சேரும்.