கொத்துச்சாவி அம்மாவும் பால்மரக் காட்டு ரகசியமும்

தொலைக்காட்சித் தொடர்களைத் தவறாமல் பார்ப்பவர்களுக்கு அந்த அம்மாவை நன்றாகத் தெரியும். பெரிய பங்களா, பட்டுப் புடவை, இடுப்பில் கொத்துச்சாவி. அவர் மாடிப்படி இறங்கி வந்தால் பிள்ளைகளும் மருமகள்களும் எழுந்து நிற்பார்கள். கம்பெனிக் காசோலையில் அவர் கையெழுத்துதான் செல்லும். நூறு, நூற்றைம்பது நாள் கதை ஓடிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு பெரியவர் பழைய புகைப்படத்தோடு வாசலில் வந்து நிற்பார். அம்மாவின் முகம் வெளிறிவிடும். ‘தொடரும்’ என்று போட்டுவிடுவார்கள். திங்கட்கிழமை வரை வீட்டில் அதே பேச்சுதான்.

இந்தப் பாத்திரம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ஈப்போவில் ஒரு தாமான் வீட்டின் கூடத்தில் அமர்ந்து பார்க்கும் பாட்டியை அது ஏன் இப்படிக் கட்டிப்போடுகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனி பதில்கள் உண்டு.

ரகசியம் என்னும் சேமிப்பு

திரைப்படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வாரம் ஐந்து நாள் வரும் தொடருக்கோ ஆண்டுக்கு 250க்கும் மேற்பட்ட பகுதிகள் தேவை. 1999 முதல் 2001 வரை சன் தொலைக்காட்சியில் ராதிகா நடித்த ‘சித்தி’யும், 2003 முதல் 2009 வரை தேவயானி நடித்த ‘கோலங்க’ளும் பெண்ணை நடுவில் நிறுத்திக் கதை சொல்லும் வழக்கத்தை நிலைநாட்டின. ‘கோலங்கள்’ மட்டுமே 1,500 பகுதிகளைத் தாண்டியது. இவ்வளவு தூரம் கதையை இழுத்துச் செல்ல, கதாசிரியர் கையில் செலவழியாத ஒரு சேமிப்பு இருக்க வேண்டும். மறைத்துவைத்த கடந்த காலம்தான் அந்தச் சேமிப்பு.

அந்த ரகசியம் பார்ப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்; வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாது. எனவே சாதாரணமாக ஒரு தொலைபேசி மணி அடித்தாலும் நமக்குப் பதைக்கிறது. அந்த அம்மா பணக்காரராக இருப்பதும் இதற்காகத்தான். இருப்பவருக்குத்தான் இழக்க ஏதாவது இருக்கும். உயரத்தில் நிற்பவர் விழுவதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடும்.

இது இன்று நேற்று வந்த உத்தி அல்ல. மகாபாரதத்தில் குந்தி யார்? அரச குடும்பத்தின் தாய். கன்னிப் பருவத்தில் பெற்ற கர்ணனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டுவிட்டு, போர் முடியும் வரை அதைப் பாண்டவர்களிடம் சொல்லாமல் இருந்தவர். மேல்நாட்டிலும் இதே கதை உண்டு. பார்பரா டெய்லர் பிராட்ஃபோர்டு 1979இல் எழுதிய ‘எ உமன் ஆஃப் சப்ஸ்டன்ஸ்’ நாவலில், பெரிய கடைகளுக்குச் சொந்தக்காரியான எம்மா ஹார்ட் என்ற மூதாட்டி, இளமையில் யார்க்‌ஷயரில் ஒரு மாளிகையில் வேலைக்காரப் பெண்ணாக இருந்தவர். 1980களில் அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்து உலகமெங்கும் ஓடியது.

குந்தி மறைத்தது ஒரு பிள்ளையை. எம்மா விட்டு வந்தது வறுமையை. பேராக்கில் நம் பாட்டிமார்கள் பேசாமல் விட்டது எதை?

லயத்து வீட்டில் விட்டு வந்தவை

மலாயாவின் ரப்பர் வரலாற்றில் பேராக்கிற்குத் தனி இடம் உண்டு. 1877இல் கோலகங்சாரில் ரெசிடெண்ட் சர் ஹியூ லோ ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றின் காலத்து மரம் ஒன்று இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அது நடந்தது.

பெண்களும் விடியுமுன் பெரட்டுக்கு நின்றார்கள். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குப் போனார்கள். வெட்டி, மங்கில் வடிந்த பாலை எடுத்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்தார்கள். 1920களில் அரசு நிர்ணயித்த கூலியிலேயே பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவுதான்.

பிறகு போர் வந்தது. ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போன ஆயிரக்கணக்கான தோட்டத்து ஆண்கள் திரும்பவே இல்லை. மனைவிமார் சிலர் பிள்ளைகளைக் காப்பாற்ற மறுமணம் செய்துகொண்டனர். 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. அடுத்து, வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டத்திற்கே பங்குதாரர் ஆனார்கள்.

1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற கட்டாயம் இறுகியது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். அப்பா நாகப்பட்டினத்துக்கு, அம்மா இங்கே; அக்காள் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தொடர்களில் வருகிற ‘காணாமல் போன அண்ணன்’ நம் வீட்டுப் பாட்டிக்குக் கற்பனை அல்ல.

1980களிலும் 90களிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. லயத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்களின் அல்லலை, சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ திரைப்படம் 2015இல் உருக்கமாகக் காட்டியது.

மறைத்தது குற்றமா?

ஈப்போவில் இன்று பிள்ளை டாக்டர், பேத்தி வழக்கறிஞர் என்று வசதியாக வாழும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். திருமணப் பேச்சு வந்தால், “எந்த ஊர்?” என்பார்கள். “ஈப்போதான்” என்பார். தோட்டத்தின் பெயர் வாயில் வராது. பால் வெட்டியது, எழுதப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தது, சிவப்புக் கார்டோடு பல வருடம் அலைந்தது எதையும் பேரப்பிள்ளைகள் கேட்டிருக்க மாட்டார்கள். ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏச்சு போதும், ஒருவர் தம் இளமையையே பூட்டி வைக்க.

தொடருக்கும் வாழ்க்கைக்கும் உள்ள வேறுபாடு இங்குதான். தொடரில் ரகசியம் வெளியானால் அம்மா தலைகுனிகிறார். உண்மையில் தலைகுனிய வேண்டியவர்கள், குறைந்த கூலி கொடுத்தவர்களும் உழைத்தவரை இழிவாகப் பேசியவர்களுமே.

ஈப்போவிலேயே இதற்கு நேர் எதிரான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டாக்டர் கார்த்திகேசுவின் மனைவி சிபில் கார்த்திகேசு, கணவரோடு ஈப்போவில் மருத்துவமனை நடத்திய வசதியான குடும்பத்துப் பெண்மணி. போர்க்காலத்தில் பாப்பான் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, காட்டிலிருந்த போராளிகளுக்கு இரகசியமாகச் சிகிச்சை அளித்தார். வானொலியை ஒளித்து வைத்து உலகச் செய்திகளைக் கேட்டார். 1943இல் ஜப்பானியர் பிடித்துச் சித்திரவதை செய்தபோதும் வாய் திறக்கவில்லை. போர் முடிந்ததும் பிரிட்டனில் சிகிச்சை பெற்றபோது, தம் அனுபவங்களை ஒன்று விடாமல் சொல்லி வைத்தார். 1948இல் அவர் மறைந்த பின் 1954இல் அது நூலாக வந்தது. அவர் பெயரில் ஈப்போவில் சாலை இருக்கிறது. எதிரியிடம் மறைத்ததை அவர் தம் மக்களிடம் மறைக்கவில்லை. அதனால்தான் அது வரலாறாக நிலைத்தது.

கேட்க வேண்டிய நேரம்

பால் வெட்டிய தலைமுறை வேகமாகக் குறைந்து வருகிறது. அவர்கள் சொல்லாமல் போனால் இழப்பு உணர்வோடு நிற்பதில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல் குடியுரிமைக்கு அலைபவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பாட்டி பிறந்த தோட்டம் எது, அவர் படித்த தமிழ்ப்பள்ளி எது, எந்தக் கோயிலில் திருமணம் நடந்தது என்ற விவரம், அத்தகைய குடும்பத்துக்குச் சான்று தேடும் முதல் படி. பல தோட்டங்கள் அழிந்தாலும், இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள் பழைய தோட்டத்தின் பெயரையே இன்னும் சுமந்து நிற்கின்றன.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. போரில் கணவனை இழந்து மறுமணம் செய்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் சிலவற்றைப் பேச விரும்பாமல் இருக்கலாம். அது அவருடைய உரிமை. தொடரில் வருவதுபோல் சபை நடுவே நிறுத்திக் கேட்பதற்கு இது வழக்கு அல்ல. “உங்கள் நிரையில் எத்தனை மரம் பாட்டி?” என்று தொடங்கலாம். கத்தி பிடித்த கைக்கு அது மறந்திருக்காது. தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், கப்பலேறிய அண்ணனின் பெயர் எல்லாம் ஒவ்வொன்றாக வரும். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கீழே தேதியும் போட்டு வைக்கட்டும்.

இன்றிரவு தொடர் முடிந்து விளக்கை அணைக்கும் முன் அந்த முதல் கேள்வியைக் கேட்டுவிடலாம்.